புதுநன்மையும் ஒரு ஃப்ளெக்ஸ் பேனரும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுட்டே வந்த விஷயம். கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் சீரியஸும் கூட. மொக்கையை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும், அது அடுத்த பதிவுல :)

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஊருன்னா கடத்தூர், தர்மபுரி மாவட்டம். வெற்றிலைச் சந்தைக்குப் பேர் போன ஊர். (பெங்களூர் ஆபிஸ்ல சொன்னா பாதிப் பேரு "கடலூரா?"ங்கறாங்க. இல்லை சாமி, கடத்தூர். கடலும் இல்லை, ஒழுங்கா ஒரு ஆறும் இல்லை.) அக்கா மகனுக்கு வர்ற மே மாசம் புதுநன்மை. கத்தோலிக்கர் அல்லாத நண்பர்களுக்காக ஒரு வரி: ஞானஸ்நானம் வாங்கின குழந்தை, விவரம் தெரிஞ்ச வயசுல முதல் தடவையா பூசையில நற்கருணை வாங்கறதுதான் புதுநன்மை. பையனுக்கு வெள்ளைச் சட்டை, பொண்ணுக்கு வெள்ளை கவுன், கையில மெழுகுவர்த்தி, மத்தியானம் பிரியாணி. எனக்கு இதுல டபுள் ரோல். தாய்மாமனும் நானே, ஞானத்தகப்பனும் நானே. அதாவது மோதிரச் செலவும் என்னுது, பையனோட ஆன்ம வளர்ச்சிக்கான பொறுப்பும் என்னுது. ரெண்டாவதைப் பத்தி இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கணக்குக் கேட்டதில்லை, மோதிரத்தைப் பத்தி மட்டும் ஆறு தடவை கேட்டாச்சு.

ராத்திரி சாப்பிட்டுட்டு எல்லாரும் வாசல்ல உக்காந்து செலவுக் கணக்குப் போட்டுட்டு இருந்தோம். சமையல்காரர் ஓகே, பந்தல் ஓகே. அப்ப மாமா (அக்கா வீட்டுக்காரர்) மெதுவா சொன்னார். "எல்லாம் பண்ணுங்க தம்பி. ஃப்ளெக்ஸ் மட்டும் வேணாம்."

எங்க பக்கம் ஃப்ளெக்ஸ் இல்லாம காதுகுத்து கூட நடக்காது. புதுநன்மை ஃப்ளெக்ஸுன்னா அதுக்குன்னு ஒரு இலக்கணமே இருக்கு. நடுவுல பையன் கைகூப்பி நிப்பான், ஒரு பக்கம் திராட்சைக் கொத்து, ஒரு பக்கம் புறா, கீழ வரிசையா சொந்தக்காரங்க பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. தாய்மாமன் போட்டோ மட்டும் கூலிங் கிளாஸோட பெருசா. ஏன் வேணாங்கறார்னு எனக்கு ஒரு நொடி புரியலை. அக்கா தலையைக் குனிஞ்சுகிட்டா. அப்புறம்தான் உறைச்சது. ஃப்ளெக்ஸ்ல பையன் பேரு ரெண்டடி எழுத்துல வரும். கோயில் பேரு. பள்ளிக்கூடத்து ரெஜிஸ்டர்ல இருக்கிற பேரு வேற.

(மாமாகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். "பேர் போடாம எழுதிக்கோ"ன்னாரு.)

அந்த விஷயத்துக்கு அப்புறம் வர்றேன். அதுக்கு முன்னாடி மருமகனைப் பத்தி. அன்னைக்கு மதியம் அவன் மறைக்கல்வித் தேர்வுப் பேப்பரைக் காட்டினான். நூத்துக்கு 96. நமக்கெல்லாம் கனவுல கூட வராத மார்க்கு. ஏழு அருளடையாளங்களையும் மூச்சு விடாம சொன்னான். (எங்க தாத்தா காலத்துல அதுக்குப் பேரு தேவதிரவிய அனுமானங்கள். அதைத் தப்பில்லாம சொல்றதுக்கே தனியா ஒரு மார்க் குடுக்கலாம்.) சரி, ஞானத்தகப்பன் கெத்தைக் காட்டுவோம்னு ஒரு கேள்வி கேட்டேன். "எதுக்குடா புதுநன்மை வாங்கற?"

"பரீட்சை முடிஞ்சா குடுப்பாங்க மாமா."

எல்லாரும் சிரிச்சோம். எனக்கு மட்டும் அது அப்புறமும் ஓடிட்டே இருந்தது. பையன் மேல தப்பில்லை. நாங்க நடத்தறதைப் பாத்தா அப்படித்தான் தெரியும். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வகுப்பு, அட்டென்டன்ஸ், வருஷத்துக்கு ஒரு பரீட்சை, விவிலிய வினாடி வினா, ஆண்டு விழாவுல டிபன் பாக்ஸ் பரிசு. பெங்களூர்ல நான் போற கோயில்ல இன்னும் சுத்தம். அப்பா அம்மா காரை நிறுத்தி பையனை இறக்கி விட்டுட்டு எதிர்க்கடையில காபி குடிக்கப் போயிடறாங்க. ஹிந்தி டியூஷன், கராத்தே, கீபோர்ட், மறைக்கல்வி. எல்லாமே ஒரே வரிசை. விசுவாசத்தையும் அவுட்சோர்ஸ் பண்ணியாச்சு. சாஃப்ட்வேர்காரன் நான் அவுட்சோர்சிங்கைக் குறை சொல்றது கொஞ்சம் ஓவர்தான், ஆனா சொல்லித்தான் ஆகணும்.

இத்தனைக்கும் எங்க திருச்சபைச் சட்டத்துல எங்கயும் இப்படிச் சொல்லலை. 1910ல பாப்பரசர் பத்தாம் பயஸ் குவாம் சிங்குலாரின்னு ஒரு ஆணை போட்டார். அதுவரைக்கும் பல நாடுகள்ல பத்து, பன்னெண்டு, பதினாலு வயசு வரைக்கும் பிள்ளைகளைக் காக்க வெச்சுட்டு இருந்தாங்க, எல்லாம் படிச்சு முடிக்கட்டும்னு. அவர் அதை ஏழு வயசு வாக்குக்குக் கொண்டு வந்தார். முழு ஞானோபதேசமும் தெரிஞ்சிருக்கணும்னு அவசியம் இல்லை, சாதாரண அப்பத்துக்கும் நற்கருணை அப்பத்துக்கும் வித்தியாசம் தெரிஞ்சா போதும்னார். நூறு வருஷம் கழிச்சு நாம மறுபடியும் கட்-ஆஃப் மார்க் போட ஆரம்பிச்சுட்டோம். ரெண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ல கிறிஸ்தவக் கல்வி பத்தி வெளியிட்ட அறிக்கையில, பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர் பெத்தவங்கதான்னு தெளிவா இருக்கு. அதுக்கு முந்தின வருஷம் வந்த ஆவணம் குடும்பத்தையே ஒரு குட்டித் திருச்சபைன்னு சொல்லுது. சொல்லாலும் நடத்தையாலும் பெத்தவங்கதான் முதல்ல விசுவாசத்தை அறிவிக்கணுமாம். சொல்லாலும் நடத்தையாலும். அந்த ரெண்டாவது வார்த்தைதான் இந்தப் பதிவு.

இப்ப கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன்.

எங்க அம்மாவோட அப்பா உபதேசியார். ஊருக்கு ஊர் சாமியார் இல்லாத காலம். சாமியார் மாசத்துக்கு ஒரு தடவை வந்து பூசை வெச்சுட்டுப் போவார். மத்த நாளெல்லாம் உபதேசியார்தான். செபம் சொல்றது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், சாவு வீட்டுல செபமாலை, நோயாளி இருந்தா சாமியாருக்குத் தகவல். எல்லாம் சைக்கிள்லதான். 1997ல சேலம் மறைமாவட்டத்துல இருந்து பிரிச்சு தர்மபுரிக்குன்னு தனி மறைமாவட்டம் வந்துச்சு. நான் அப்ப கைக்குழந்தை. நான் வளரும்போது சாமியார்கள் பக்கத்துலயே இருந்தாங்க, தாத்தாவுக்கு வேலை குறைஞ்சுடுச்சு. மிச்சம் இருந்த ஒரே வேலை கோயில் மணி. அதையும் ஏழு வயசுல என்கிட்ட குடுத்துட்டார்.

காலையில ஆறு, மதியம் பன்னெண்டு, சாயங்காலம் ஆறு, மூவேளை மணி. பள்ளிக்கூடம் இருக்கறதால எனக்கு காலையும் சாயங்காலமும். மூணு தட்டு, இடைவெளி, மூணு தட்டு, இடைவெளி, மூணு தட்டு, அப்புறம் நீளமா. அந்த இடைவெளியில தாத்தா வாய்க்குள்ளயே செபம் சொல்வார். எவ்வளவு நேரம் விடணும்னு கேட்டா "செபம் முடியற வரைக்கும்"பார். அதனால எனக்கும் செபம் தெரிஞ்சே ஆகணும். யாரும் ஒப்பிக்கச் சொல்லலை. தெரியலைன்னா மணி தப்பாப் போயிடும், அவ்வளவுதான். டைமர் மாதிரி பயன்படுத்தித்தான் நான் செபம் கத்துக்கிட்டேன்.

இன்னொண்ணு. பெரிய வியாழன் பூசையில வானவர் கீதம் பாடும்போது எல்லா மணியையும் சேர்த்து அடிப்போம். அதோட சரி. உயிர்ப்புத் திருவிழிப்பு ராத்திரி வரைக்கும் மணி அடிக்கக் கூடாது. அதுக்குப் பதிலா மரக்கட்டையைத் தட்டுவாங்க, லொட் லொட்டுன்னு. முதல் வருஷம் பெரிய வெள்ளி சாயங்காலம் பழக்கத்துல கயித்துகிட்ட போயிட்டேன். தாத்தா தலையை மட்டும் ஆட்டினார். கயித்தைப் பிடிக்காம அப்படியே நின்னேன். ஊரே சத்தமில்லாம இருந்த மாதிரி ஒரு நினைப்பு. கர்த்தர் பாடுபட்டு மரிச்சார்னு அதுக்கு முன்னாடி நூறு தடவை கேட்டிருப்பேன். என் கைக்கு வேலை இல்லாமப் போன அன்னைக்குத்தான் யாரோ செத்துப் போயிட்டாங்கன்னு தோணுச்சு. எந்தப் பரீட்சைப் பேப்பர்லயும் இதைக் கேள்வியா வைக்க முடியாது.

அம்மா வேற ரகம். அடுப்புல பால், கையில செபமாலை. பால் பொங்கினா மங்கள வார்த்தை செபத்துக்கு நடுவுலயே "ஏய், அடுப்பைத் தணி"ன்னு ஒரு குரல் வரும், அப்புறம் விட்ட இடத்துல இருந்து தொடரும். ரொம்ப வருஷம் அதுவும் செபத்துல ஒரு வரின்னே நினைச்சுட்டு இருந்தேன் :) பிப்ரவரி ஆனா பொம்மிடிப் பக்கம் பி.பள்ளிப்பட்டி லூர்து மாதா திருவிழா. கூட்டம், தேர், பொரி, ராட்டினம். அங்கே அம்மா என்ன வேண்டிக்கிட்டான்னு கேட்டா சொல்ல மாட்டா. ஆனா மெழுகுவர்த்தியை என் கையில குடுத்துத்தான் ஏத்தச் சொல்வா.

தங்கமணி வீடு வேற கதை. அவங்க நாகர்கோவில் பக்கம், சி.எஸ்.ஐ. நாங்க எழுதறது செபம், அவங்க எழுதறது ஜெபம். எங்களுக்குப் பூசை, அவங்களுக்கு ஆராதனை. ராத்திரி எட்டு மணின்னா டிவி ஆஃப். மாமனார் பாட்டு ஆரம்பிப்பார், ஒருத்தர் வேதம் வாசிக்கணும், ஆளுக்கொரு வசனம், முழங்கால் போட்டு ஜெபம். வாசிக்கற முறை வரிசையா வரும், எட்டு வயசுப் பிள்ளைக்கும் உண்டு, எண்பது வயசுப் பாட்டிக்கும் உண்டு. புது மாப்பிள்ளையா போன அன்னைக்கு என் முறை வந்துச்சு. நான் அத்தியாயத்தைத் தேடி பக்கத்தைப் புரட்டறதுக்குள்ள மச்சினன் மகன், அஞ்சாங்கிளாஸ், கையை நீட்டி எடுத்துக் குடுத்தான். மானம் போச்சு. ஆனா அந்தப் பையனுக்கு அந்த வீட்டுல ஒரு இடம் இருக்குன்னு அப்பத் தெரிஞ்சுது. லூத்தர் 1529ல எழுதின சின்ன ஞானோபதேசத்துல ஒவ்வொரு பகுதிக்கு மேலயும், வீட்டுத் தலைவன் இதைத் தன் வீட்டாருக்கு எளிமையாச் சொல்லித் தரணும்னு தலைப்பு இருக்கும். போதகருக்கு இல்லை, வீட்டுக்காரனுக்கு.

நம்ம மண்ணுல இது இன்னும் பழசு. 1542ல பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தப்ப அவருக்குத் தமிழ் தெரியாது. ரெண்டு மொழியும் கொஞ்சம் தெரிஞ்சவங்களை வெச்சு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் பண்ணி, கையில ஒரு மணியை அடிச்சுகிட்டே தெருத்தெருவாப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். கத்துக்கிட்டதை வீட்டுல அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லிக் குடுங்கன்னு பிள்ளைகளுக்கு வேலை வெச்சார். நோயாளிகளைப் பாக்க அவரால போக முடியாதப்ப பிள்ளைகளையே அனுப்பினார். இதெல்லாம் அவரே கடிதத்துல எழுதி வெச்சது. 1578ல கொல்லத்துல அச்சான தம்பிரான் வணக்கம், தமிழ் எழுத்துல அச்சடிச்சு நமக்குக் கிடைச்சிருக்கிற முதல் புத்தகம், வெறும் பதினாறு பக்கம், அதுவும் ஒரு ஞானோபதேசம்தான். ஆனா புத்தகம் வர்றதுக்கு முப்பத்தஞ்சு வருஷம் முன்னாடியே பிள்ளைங்க வேலையை ஆரம்பிச்சுட்டாங்க.

இதுவரைக்கும் படிச்சவங்க, "சரிதான்பா, வீட்டுல செபம் சொல்லுங்க, பிள்ளைக்குக் கோயில்ல வேலை குடுங்க, அவ்வளவுதானே, இதுல என்ன சீரியஸ்"னு கேக்கலாம். பெத்தவங்க நடத்தைதான் பாடம்னு சொல்லிட்டா, எல்லா நடத்தையும் பாடம்தான். நல்லது மட்டும் இல்லை. அங்கதான் ஃப்ளெக்ஸ் வருது.

நாங்க ஆதிதிராவிடர். கொள்ளுத்தாத்தா காலத்துலயே ஞானஸ்நானம் வாங்கின குடும்பம். 1950 ஆகஸ்ட் 10ல வந்த குடியரசுத் தலைவர் ஆணையில மூணாவது பத்தி, இந்து அல்லாத ஒருத்தர் பட்டியல் சாதி ஆக முடியாதுன்னு சொல்லுது. 1956ல சீக்கியரைச் சேர்த்தாங்க, 1990ல பௌத்தரைச் சேர்த்தாங்க. கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. தமிழ்நாட்டுல எங்களுக்கு இடஒதுக்கீடு பி.சி. பட்டியல்ல. ஸ்காலர்ஷிப் விஷயத்துல தமிழக அரசு தாராளம், மதம் மாறின ஆதிதிராவிடருக்கும் உண்டு. ஆனா சீட்டு, வேலைன்னு வந்தா நாங்க பி.சி. ஊர்ல எங்க தெரு எங்க இருக்கணுமோ அங்கேயேதான் இருக்கு, அது மட்டும் மதம் மாறலை.

1985ல சூசைன்னு ஒருத்தர் வழக்கு உச்ச நீதிமன்றத்துல முடிஞ்சுது. சென்னையில தெருவோரம் செருப்புத் தைச்சவர். அரசாங்கம் இந்து செருப்புத் தொழிலாளிகளுக்குப் பெட்டிக்கடை குடுத்துச்சு, கிறிஸ்தவர்ங்கறதால அவருக்கு இல்லை. மதம் மாறின பிறகும் அதே கொடுமை அதே அளவுல இருக்குன்னு நிரூபிக்கலைன்னு தோத்துட்டார். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007ல அந்த மூணாவது பத்தியை நீக்கச் சொல்லுச்சு. 2022ல பாலகிருஷ்ணன் ஆணையம்னு இன்னொண்ணு போட்டாங்க. 2023 ஏப்ரல்ல தமிழக சட்டமன்றம் தீர்மானம் போட்டுச்சு. 2024 நவம்பர்ல புதுச்சேரிப் பெண் ஒருத்தர் வழக்குல உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானம் வாங்கி கோயிலுக்கும் போயிட்டு, வேலைக்காக இந்துன்னு சொல்றது அரசியல் சட்டத்தையே ஏமாத்தற வேலைன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. அந்தத் தீர்ப்பு வாட்ஸ்அப்ல எங்க தெருவுக்கு வந்த நாள்ல இருந்துதான் மாமாவுக்குத் தூக்கம் இல்லை.

அதனால பல வீட்டுல ரெண்டு பேரு. கோயில் புத்தகத்துல ஒரு புனிதர் பேரு, சர்டிபிகேட்ல வேற பேரு. மாமாவுக்கே அப்படித்தான். புத்திசாலிங்க சிலர் இப்பெல்லாம் ரெண்டுக்கும் பொருந்தற மாதிரி ஒரே தமிழ்ப் பேரா வெச்சுடறாங்க.

இப்ப எங்க அப்பா. கொத்தனார். கையெழுத்துப் போடத் தெரியும், வாசிக்கக் கஷ்டம். என்னை ஆறாங்கிளாஸ் சேர்க்கும்போது விவரம் தெரிஞ்ச ஒருத்தர், நல்ல மனுஷன்தான், அப்பாவைத் தனியாக் கூப்பிட்டு சொன்னார். "பையன் நல்லாப் படிக்கறான். இந்துன்னு போட்டு வேற பேரு குடு, நாளைக்கு உதவும்." அப்பா படிவத்தை வாங்கி, கிறிஸ்தவன்னு எழுதுங்கன்னு சொல்லி, கீழே கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டார். எனக்கு அப்ப ஒண்ணும் புரியலை.

2014ல புரிஞ்சுது. இன்ஜினியரிங் கவுன்சிலிங். நான் ஆசைப்பட்ட அரசுக் கல்லூரியில பி.சி. கட்-ஆஃபுக்கு நான் கொஞ்சம் கீழே. எஸ்.சி. கட்-ஆஃபுக்கு எவ்வளவோ மேல. என் தெருவுல என்னைவிட மார்க் கம்மியா வாங்கின பையன், ஞாயித்துக்கிழமை என்கூடப் பூசையில பீடத்துல உதவி செஞ்சவன், அதே கல்லூரிக்குப் போனான். நான் ஒரு தனியார் கல்லூரிக்கு. படிப்பு முடிஞ்சு வேலையும் கிடைச்சுது, இப்ப பொட்டி தட்டிட்டு இருக்கேன், யார் மேலயும் புகார் இல்லை. ஆனா அந்த ரெண்டு வருஷம் அப்பாகிட்ட சரியாப் பேசலை. ஒரு நாள் டவுன் பஸ்ல பக்கத்துல உக்காந்திருந்தப்ப நானே கேட்டுட்டேன், ஏன்பா அப்படிப் பண்ணினேன்னு. ஜன்னல் பக்கம் பாத்துகிட்டே சொன்னார். "பொய் சொல்லாதன்னு உன்கிட்ட சொல்லிட்டு, நானே எப்பிட்றா பொய்க் கையெழுத்துப் போடறது?"

எனக்கு யாராவது மறைக்கல்வி எடுத்தாங்கன்னா அது அந்தக் கையெழுத்துதான். பொய் சொல்லாதேங்கறது எங்க வரிசையில எட்டாம் கட்டளை. (தங்கமணி வரிசையில ஒன்பதாவது. அந்தச் சண்டை தனி.)

இதை எழுதிட்டு அப்பாவை ஹீரோ ஆக்கிட்டு, மத்தவங்களை வில்லன் ஆக்கிட்டுப் போறது சுலபம். அப்படி எழுதினா நான் அயோக்கியன். அந்தப் பையன் வீட்டுல ராத்திரி செபமாலை எங்க வீட்டைவிட நீளம். அவன் அம்மா நாப்பது நாளும் சுத்த போஜனம். அவங்களுக்கும் பொய் பிடிக்கலை. பிள்ளை படிக்கணும்னு ஒரு ஆசை, குறுக்கே நிக்கற ஒரு பத்தி, அவ்வளவுதான். பொய்யை அவங்க கண்டுபிடிக்கலை, சட்டம்தான் அவங்க கையில குடுத்துச்சு. எங்க அப்பாவால மறுக்க முடிஞ்சதுன்னா, அதுக்கு விலை குடுத்தது நான், அவர் இல்லை. இதையும் அவர்கிட்ட சொல்லியிருக்கேன். "ஆமா"ன்னார்.

ஆனா ஒரு விஷயத்துல மட்டும் நான் மாறலை. பிள்ளைங்க இதைப் பாத்துட்டுத்தான் இருக்காங்க. மருமகன் ஆறு வயசுலயே கத்துக்கிட்டான், ஸ்கூல்ல எந்தப் பேருக்கு "உள்ளேன் ஐயா" சொல்லணும், கோயில்ல எந்தப் பேருக்குத் திரும்பணும்னு. யாரும் பாடம் எடுக்கலை. அம்மா ஒரு தடவை கண்ணைக் காட்டினா, புரிஞ்சுகிட்டான். நூத்துக்கு 96 வாங்கின பாடத்தை அவன் மறந்துடுவான். இந்தப் பாடம் மறக்காது. சாமின்னா மறைச்சு வெச்சுக்க வேண்டிய ஒண்ணுன்னு.

ஜப்பான் கதை ஞாபகம் வருது. நம்ம கடற்கரைக்கு வந்த அதே சவேரியார்தான் 1549ல அங்கேயும் போனார். 1614ல நாடு முழுக்கக் கிறிஸ்தவத்துக்குத் தடை. சாமியார்களைத் துரத்தினாங்க, கொன்னாங்க. ஒவ்வொரு குடும்பமும் ஒரு புத்தக் கோயில்ல பேரைப் பதிஞ்சாகணும். நாகசாகிப் பக்கம் வருஷா வருஷம் இயேசு, மாதா உருவத்தை மிதிச்சுக் காட்டணும். மிதிச்சுட்டு வீட்டுக்கு வந்து மனஸ்தாப செபம் சொல்வாங்க. சாமியார் இல்லை, பூசை இல்லை, வகுப்பு இல்லை. ஊருல ஒருத்தருக்கு ஞானஸ்நானம் குடுக்கற வேலை, ஒருத்தருக்குத் திருநாள் கணக்கு வெச்சுக்கற வேலை. அப்படியே ரெண்டரை நூற்றாண்டு. 1865 மார்ச் 17ல நாகசாகி ஊரா கோயிலுக்கு ஒரு சின்னக் கூட்டம் வந்து, பிரெஞ்சு சாமியார் பெத்திஜான்கிட்ட தாங்களும் அதே விசுவாசம்தான்னு மெதுவாச் சொல்லி, மாதா சுரூபம் எங்கேன்னு கேட்டாங்க. நம்ப முடியுதா? குடும்பமும் ஆளுக்கொரு வேலையும், இது ரெண்டை மட்டும் வெச்சே ஏழு தலைமுறை. நான் மேல சொன்னதுக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

ஆனா கதை அதோட முடியலை. வெளியே வந்ததுக்குத் தண்டனையா மூவாயிரம் பேருக்கு மேல நாடு கடத்தப்பட்டாங்க. 1873ல தடை போனதுக்கு அப்புறமும் கொஞ்சம் பேர் திருச்சபைக்குத் திரும்பலை. மறைச்சு மறைச்சு அவங்க கும்பிட்டது வேற ஒண்ணா மாறிப் போயிருந்துச்சு. மறைக்கறதே முறையாயிடுச்சு. எனக்குப் பயம் அந்த இடம்தான்.

எங்க திருச்சபை இந்த விஷயத்துல டெல்லி வரைக்கும் போய்ப் போராடுது. ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளா அனுசரிக்குது. நல்லது. ஆனா உள்ளூர்ல, புதுநன்மைக்குப் பெத்தவங்களைக் கூப்பிட்டு நடத்தற கூட்டத்துல, இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. சட்டையோட கை நீளம் எவ்வளவுன்னு பேசுவாங்க. பாதிப் பேரு தூக்கம் கெட்டு உக்காந்திருக்கற விஷயத்தைத் தொட மாட்டாங்க. தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கறது கருணைன்னு நினைக்கறாங்க போல. அது கருணை இல்லை. அதுவும் பிள்ளை பாக்கற ஒரு நடத்தைதான். கோயிலுக்குள்ளயே சாதி இருக்கறதும் அதே மாதிரிதான். 2008ல எறையூர்ல தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டு, அது கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல ரெண்டு உயிர் போற வரைக்கும் போச்சு. ரெண்டு பக்கமும் கத்தோலிக்கர்தான். அந்த ஊர்ப் பிள்ளைகளும் அந்த வருஷம் மறைக்கல்விப் பரீட்சை எழுதியிருப்பாங்க.

எனக்கு மட்டும் அதிகாரம் இருந்தா பரீட்சையைத் தூக்கிட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் கோயில்ல ஒரு வேலை குடுப்பேன். விளக்கேத்தறது, மணி, பாய் விரிக்கறது, நடக்க முடியாத பாட்டிகளைக் கூட்டிட்டு வர்றது, எதுவா இருந்தாலும். வகுப்பு நேரத்துல பெத்தவங்களையும் உள்ள உக்கார வெப்பேன். காபி அப்புறம் குடிச்சுக்கலாம். சர்டிபிகேட்டைப் பத்திப் பேசறதுக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்குவேன், சாமியார், வக்கீல் ஒருத்தர், ரெண்டு பேரு வெச்சிருக்கற அப்பா அம்மா, எங்க அப்பா மாதிரி ஆளு ரெண்டு பேர், எல்லாரும் ஒரே பாயில. யாரையும் குத்தம் சொல்றதுக்கு இல்லை. பையன் ஒரு நாள் கேப்பான், அன்னைக்கு வீட்டுல என்ன சொல்லப் போறோம்னு யோசிக்கறதுக்கு.

தங்கமணிக்கு இப்ப ஏழாம் மாசம். எங்க பிள்ளைக்கும் ஒரு படிவம் வரும். என்ன எழுதுவேன்னு எனக்குத் தெரியும்னுதான் நினைக்கறேன். ஆனா நான் எழுதறது சம்பளம் வாங்கறவனோட கையெழுத்து. எங்க அப்பா போட்ட கையெழுத்துக்கு அது சமமாகாது.

ஊர்ல இருந்து கிளம்பறதுக்கு முந்தின நாள் மாமாகிட்ட தனியாப் பேசினேன். ஃப்ளெக்ஸைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. "பையன்கிட்ட நீங்களே விஷயத்தைச் சொல்லிடுங்க மாமா, ஏன் ரெண்டு பேருன்னு, முழுசா. அவனுக்கு ஒன்பது வயசு, புரியும். அதுக்கப்புறம் என்ன முடிவு எடுத்தாலும் நான் கூட நிக்கறேன்"னு மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "உங்கப்பாவையும் வரச் சொல்லு, சேர்ந்து சொல்லலாம்"னார்.

போன வாரம் அக்கா போன் பண்ணினா. மூணு பேரும் பேசினாங்களாம். என்ன பேசினாங்கன்னு அவளுக்கும் தெரியாது, வெளியே திண்ணையில உக்காந்து பேசினாங்களாம். பையன் உள்ள வந்து கேட்ட முதல் கேள்வி, "அப்ப சாமிக்கு நான் எந்தப் பேருல தெரியும்?" அக்கா அழுதுட்டா. நானும் போன்ல ஒண்ணும் சொல்ல முடியாம "அப்புறம் கூப்பிடறேன்"னு வெச்சுட்டேன்.

சட்டை தைக்கக் குடுத்தாச்சு. மோதிரம் நான் வாங்கியாச்சு. சாயங்கால மணியை இப்ப அவன்தான் அடிக்கறான், கயிறு எட்டலைன்னு கீழே ஒரு செங்கல் போட்டுக் குடுத்திருக்கார் அப்பா. ஃப்ளெக்ஸ் விஷயம் இன்னும் முடிவாகலை.